பதினெட்டு வயதுப் பையன்களை எல்லாம் பட்டாளத்தில் சேர்த்தால் சரிவருமா?

தோவாளைப்பூ (காலை 8.10)

காலையில் பிச்சிப்பூ ஏலம் முடிந்து சாயாக்கடையில் உட்கார்ந்தபோது கிளம்பிய பேச்சு இது. அங்கே முடியவில்லை, அதனால் இங்கே போடுகிறேன்.

என் அக்கா ஜெர்மனியில் நர்ஸ். மகன் அங்கேயே பிறந்தவன், அந்த நாட்டுக் குடிமகன். இந்த வருஷம் 18 முடிகிறது. அவனுக்கு ராணுவத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. உயரம் எவ்வளவு, உடம்புக்கு ஏதும் உண்டா, சேர விருப்பமா என்று கேள்விகள். ஆண்பிள்ளைகள் பதில் போட்டே ஆகவேண்டுமாம், பெண்பிள்ளைகள் விரும்பினால் போடலாம். 2011இல் நிறுத்தி வைத்த கட்டாய ராணுவ சேவையை 2025 டிசம்பரில் ஒரு சட்டம் போட்டுப் பாதி திரும்பக் கொண்டுவந்திருக்கிறார்கள். இப்போதைக்குச் சேருவது அவரவர் இஷ்டம். ஆள் போதவில்லை என்றால் கட்டாயமாக்கலாமா என்று நாடாளுமன்றம் பிறகு முடிவு செய்யுமாம். அக்கா போனில் ஒரே அழுகை.

இதைச் சாயாக்கடையில் சொன்னேன். உடனே நாலு பேர், "நம்ம ஊரிலும் கொண்டுவரணும், பயல்கள் உருப்படுவான்கள்" என்றார்கள். ஒருவர் மட்டும், "யார் சோறு போடுவது?" என்று கேட்டார். எனக்கு அந்தக் கேள்விதான் பிடித்தது. தேசபக்தி உண்டா இல்லையா என்று சண்டை போட வேண்டாம். நடக்குமா, நடக்காதா? அதை மட்டும் சொல்லுங்கள்.

ரப்பர்த்தோட்டம் (8.42)

நடக்கும். நடக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சொத்தவிளை கடற்கரைப் பக்கம் போய்ப் பாருங்கள், ஒரு பைக்கில் மூன்று பேர், கையில் போன். என் தோட்டத்தில் பால்வெட்டுக்கு ஆள் கிடையாது. விடியுமுன் எழுந்து நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் போக இந்தத் தலைமுறையில் எவனுக்கும் உடம்பு வளையாது. ஒரு வருஷம் பட்டாளத்தில் போட்டு எடுத்தால் எல்லாம் வளையும்.

பழைய_ஹவில்தார் (9.30)

ரப்பர்த்தோட்டம் அண்ணாச்சி, பால்வெட்டுக்கு ஆள் வேண்டும் என்றால் கூலியைக் கூட்டிக் கொடுங்கள். அதற்குப் பட்டாளம் எதற்கு?

நான் மெட்ராஸ் ரெஜிமெண்டில் இருந்தவன். வெலிங்டனில் ரெக்ரூட்டாகப் போனேன், பிறகு அதே இடத்தில் கொஞ்ச வருஷம் உஸ்தாதாகவும் இருந்தேன். உஸ்தாத் என்றால் பயிற்சி கொடுக்கிறவன். பதினெட்டு வயதுப் பையனைச் சிப்பாய் ஆக்குவது என்றால் என்ன வேலை என்று கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

முதல் வாரம் முழுக்க பூட்ஸ்தான். வெறுங்காலோடும் செருப்போடும் வளர்ந்த கால், பூட்ஸுக்குள் போனதும் குதிகாலில் கொப்புளம் கட்டும். அதை மறைத்துக்கொண்டு ஓடுவான். மூன்றாம் நாள் சீழ் வைக்கும். ராத்திரி விளக்கை அணைக்கும் முன் ஒவ்வொருத்தனையும் கட்டிலில் உட்கார வைத்து, சாக்ஸைக் கழற்றச் சொல்லி, டார்ச் அடித்து நானே காலைப் பார்ப்பேன். முப்பது பையன், அறுபது கால். அதில் ஒருவன் வீட்டை நினைத்து அழுதுகொண்டிருப்பான். ஒருவனுக்கு இந்தி ஒரு வார்த்தை தெரியாது, 'பீச்சே முட்' (பின்னால் திரும்பு) என்றால் முன்னால் போவான். ஒருவனுக்கு லங்கர், அதாவது பட்டாளத்துச் சமையற்கட்டு, சப்பாத்தி இறங்காது. இத்தனையும் பார்த்துத்தான் டிரில், அதற்கு அப்புறம்தான் துப்பாக்கி. எங்கள் காலத்தில் கசம் பரேடு, அதாவது உறுதிமொழி எடுக்கும் அணிவகுப்பு, வரை வர எட்டு ஒன்பது மாதம் ஆகும்.

இப்போது கணக்குக்கு வாருங்கள். நாடு முழுக்க வருஷத்துக்கு ஒரு கோடிப் பையனாவது 18 வயதைத் தொடுவான். முப்பது பேருக்கு ஒரு உஸ்தாத் என்று வைத்தால் மூன்று லட்சத்து முப்பதாயிரம் உஸ்தாத் வேண்டும். நம் தரைப்படையே ஏறக்குறைய 12 லட்சம் பேர்தான். நாலில் ஒரு பங்குக்கு மேல், அதுவும் அனுபவப்பட்ட ஹவில்தார்களாகப் பார்த்து எடுத்து, பையன்களின் கொப்புளம் பார்க்க உட்கார வைக்க வேண்டும். அப்புறம் லடாக்கில் யார் நிற்பது?

நம் கன்னியாகுமரி மாவட்டத்தையே எடுங்கள். 2011 கணக்கெடுப்பில் 18.7 லட்சம் பேர். ஒரு வயதுக்குப் பதினான்காயிரம் பையன்கள் என்று உத்தேசமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பட்டாலியன் எண்ணூறு பேர் என்றால் பதினேழு பட்டாலியன் வரும். இத்தனை பேரை எங்கே படுக்க வைப்பது? புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டையையே கொடுத்தாலும் அது தொண்ணூறு ஏக்கர்தான். கக்கூசுக்கே பாதி போய்விடும்.

ரப்பர்த்தோட்டம் (9.48)

கோட்டையைச் சொன்னீர்களே, அதே கோட்டையில்தான் டச்சுப் படைத் தளபதி டிலனாய் திருவிதாங்கூர் படைக்குப் பயிற்சி கொடுத்தார். 1741இல் குளச்சலில் டச்சுக்காரனைப் பிடித்தோம், அவனையே வாத்தியாராக்கினோம். அப்போது முடிந்தது இப்போது முடியாதா?

பழைய_ஹவில்தார் (9.55)

டிலனாய் பயிற்சி கொடுத்தது சம்பளத்துக்கு நின்ற படைக்கு. ஊரில் உள்ள எல்லாப் பயலுக்கும் அல்ல. அந்தத் திருவிதாங்கூர் படையிலிருந்து வந்ததுதான் இன்றைய ஒன்பதாவது மெட்ராஸ் பட்டாலியன். குளச்சல் வெற்றியை எங்கள் ரெஜிமெண்டில் நாங்களும் கொண்டாடுவோம். அந்தப் பெருமையை வைத்து எனக்கு உஸ்தாத் கணக்கு சொல்லாதீர்கள்.

தக்கலை_குமாஸ்தா (10.20)

ஒரு சின்னத் திருத்தம். இதை யாராவது "மறுபடியும் கொண்டுவரணும்" என்று நினைத்தால், சுதந்திர இந்தியாவில் கட்டாய ராணுவ சேவை இருந்ததே கிடையாது. இருந்ததற்குக் கிட்ட வந்தது என்.சி.சி. என்ற தேசிய மாணவர் படை. 1962 சீனப் போருக்குப் பிறகு 1963இல் கல்லூரி மாணவர்களுக்கு அதைக் கட்டாயமாக்கினார்கள். 1968இல் மறுபடி விருப்பப் பாடமாக்கிவிட்டார்கள். அடுத்த வருஷம் என்.எஸ்.எஸ். என்ற நாட்டு நலப்பணித் திட்டம் வந்தது. கல்லூரிக்குப் போகிற கொஞ்சம் பேரை வைத்தே ஐந்து வருஷம்தான் இழுக்க முடிந்தது.

சட்டம் இடம் கொடுக்குமா என்றால், கொடுக்கும். அரசியலமைப்பின் 23ஆவது பிரிவு கொத்தடிமை வேலையையும் கட்டாய உழைப்பையும் தடை செய்கிறது. ஆனால் அதே பிரிவின் இரண்டாம் பகுதி, பொதுக் காரியத்துக்காக அரசு கட்டாய சேவை விதிக்கலாம் என்கிறது. மதம், இனம், சாதி, வர்க்கம் ஆகியவற்றை மட்டும் வைத்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்பது ஒன்றுதான் நிபந்தனை. அதனால் கோர்ட்டில் முதல் நாளே விழுந்துவிடாது. மனசாட்சிப்படி ஆயுதம் எடுக்க மாட்டேன் என்பவனை என்ன செய்வது என்பதில்தான் சிக்கும். கோட்டயம் பக்கத்துப் பிள்ளைகள் மூன்று பேர் தங்கள் மத நம்பிக்கைப்படி தேசிய கீதம் பாடாமல் நின்ற வழக்கில், 1986இல் உச்ச நீதிமன்றம் பிள்ளைகள் பக்கம் நின்றது. துப்பாக்கி என்றால் அந்த வாதம் இன்னும் பலமாக வரும். நம் மாவட்டத்தில் எத்தனை வகை கிறிஸ்தவ சபை உண்டு என்று நான் சொல்ல வேண்டாம்.

ஹவில்தார் சார் சொன்ன கணக்கு பிரிட்டனில் நடந்தே இருக்கிறது. 1949 முதல் பையன்களைக் கட்டாயமாக எடுத்தார்கள். முதலில் ஒன்றரை வருஷம், கொரியப் போர் வந்ததும் இரண்டு வருஷம். நிரந்தரப் படையில் பெரிய பகுதி இவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதிலேயே கரைகிறது என்று ராணுவமே முணுமுணுத்தது. 1957இல் நிறுத்துவது என்று முடிவெடுத்து, 1960இல் கடைசிப் பிள்ளையை எடுத்து, 1963இல் வீட்டுக்கு அனுப்பினார்கள். 2024 தேர்தலில் அப்போதைய பிரதமர் ரிஷி சுனக் அதைத் திரும்பக் கொண்டுவருவேன் என்றார். அவர் சொன்ன திட்டத்திலேயே ராணுவத்தில் முப்பதாயிரம் இடம்தான். மற்ற பிள்ளைகள் மாதம் ஒரு வாரக்கடைசியில் ஊர்த்தொண்டு செய்தால் போதும். தேர்தலில் தோற்றார், திட்டமும் போய்விட்டது.

ரப்பர்த்தோட்டம் (10.41)

சிங்கப்பூர்? அங்கே நம் ஆட்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்! அங்கே எப்படி நடக்கிறது?

தெம்பனீஸ்_மாமா (மதியம் 12.15)

என்னைக் கூப்பிட்ட மாதிரி இருந்தது. சொந்த ஊர் மார்த்தாண்டம், இருபத்தைந்து வருஷமாகச் சிங்கப்பூர். நான் நிரந்தரவாசி, நான் படையில் போக வேண்டியது இல்லை. என் வழியாக நிரந்தரவாசி ஆன மகன் போக வேண்டும். போனான்.

இங்கே 1967 முதல் இருக்கிறது. ஆண்பிள்ளைகளுக்கு இரண்டு வருஷம். மகனைத் தெக்கோங் தீவில் உள்ள பயிற்சி முகாமில் கொண்டு விட்டோம். பெற்றோரையும் படகில் கூட்டிக்கொண்டு போய், படுக்கிற இடம், சாப்பிடுகிற இடம் எல்லாம் காட்டினார்கள். சைவச் சாப்பாடு தனி, ஹலால் தனி. திரும்பும்போது என் வீட்டுக்காரி படகில் ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு வாரம் கழித்து மொட்டைத் தலையோடு வந்தான், தட்டைத் தானே கழுவி வைத்தான். அதைப் பார்த்துத்தான் அவள் அழுதாள். ஆக, ரப்பர்த்தோட்டம் அண்ணன் சொல்வதில் கொஞ்சம் உண்மை உண்டு, நான் மறுக்க மாட்டேன்.

ஆனால் இரண்டு வருஷத்தோடு முடியவில்லை. அதற்குப் பிறகு பத்து சுற்று, வருஷத்துக்கு ஒன்றாகத் திரும்பக் கூப்பிடுவார்கள். வேலை கொடுத்த கம்பெனி விட்டே ஆக வேண்டும். பையனுக்கு 13 வயது ஆனதிலிருந்தே வெளிநாட்டில் மூன்று மாதத்துக்கு மேல் தங்க அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். இரண்டு வருஷத்துக்கு மேல் என்றால் ஜாமீன் பணம், குறைந்தது 75,000 சிங்கப்பூர் வெள்ளி. மகனை நாகர்கோவிலில் பாட்டி வீட்டில் விட்டுப் படிக்க வைக்கலாம் என்று ஒரு காலத்தில் நினைத்தோம், இதைக் கேட்டதும் விட்டுவிட்டோம். குமரி மாவட்டத்தில் பாதி வீட்டில் ஒருவன் வளைகுடாவில் இருக்கிறான். அந்த வீடுகளுக்கு இப்படி ஒரு சட்டம் வந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

இன்னொன்று. சிங்கப்பூர் சின்ன நாடு, மொத்த ஜனம் அறுபது லட்சம். ஆள் போதாது என்பதால்தான் கட்டாயமே. பயிற்சிக்கு நிலம் போதாமல் ஆஸ்திரேலியா, தைவான் என்று போகிறார்கள். இந்தியாவுக்கு ஆள் பஞ்சமா? நானும் ஊரில் இருந்தபோது ஆள்சேர்ப்புக்கு வரிசையில் நின்றவன்தான். நெஞ்சளவில் ஒரு சென்டிமீட்டர் போதவில்லை.

கல்குளம்_டீச்சர் (12.50)

மாமா சொன்ன ஒரு சென்டிமீட்டர் எனக்குப் பிடித்தது. கட்டாயம் என்று வந்துவிட்டால் அந்தச் சென்டிமீட்டர் விற்பனைக்கு வரும், அது என் பயம். இப்போது சேருவதற்கு உடம்பு சரியாக இருக்கிறது என்று சான்றிதழ் தேடுகிறார்கள். அப்போது சரியில்லை என்று தேடுவார்கள். பணம் உள்ளவன் மகனுக்குத் தட்டைப்பாதம், கிட்டப்பார்வை, ஆஸ்துமா எல்லாம் ஒரே வாரத்தில் வந்துவிடும். போவது யார்? சாயா குடிக்கும்போது "பயல்கள் உருப்படுவான்கள்" என்றவர்களின் பயல்கள் போக மாட்டார்கள்.

இன்னொரு விஷயம், இது நம் மாவட்டத்து விஷயம். என் தாத்தாவின் தாத்தா காலத்தில் திருவிதாங்கூரில் 'ஊழியம்' என்று ஒன்று இருந்தது. சர்க்கார் ஆள் வந்து கூப்பிட்டால் கூலி இல்லாமல் போய்ச் சுமக்க வேண்டும். யாரைக் கூப்பிட்டார்கள் என்று நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். இன்றைக்கும் எங்கள் பாட்டி வேலை செய்து காசு கிடைக்காவிட்டால் "ஊழியமா செய்தேன்?" என்பாள். குமாஸ்தா சார் சொன்ன சட்டப் பிரிவு சரியாகத்தான் இருக்கும். பட்டியல் எழுதுகிறவன் கையில் பேனா இருக்கிறது என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும் அல்லவா?

பிறகு பெண்பிள்ளைகள்? ஆண்களுக்கு மட்டும் என்றால் ஏன்? நார்வேயிலும் சுவீடனிலும் இரண்டு பேரையும் கூப்பிடுகிறார்கள். எங்கள் பள்ளியில் என்.சி.சி.க்குப் பெயர் கொடுப்பதில் பாதிக்கு மேல் பெண்கள். இடம் இல்லை என்று வருஷா வருஷம் திருப்பி அனுப்புகிறேன். கேட்டு வருகிறவளுக்கே இடம் இல்லை, வராதவனை எங்கே வைப்பது?

தோவாளைப்பூ (1.30)

கட்டாயம் என்றால் கூலி உண்டா இல்லையா என்று டீச்சர் கேட்ட மாதிரி எடுத்துக்கொண்டு, நான் பூக்கடைக் கணக்கு போட்டேன். அக்னிவீரருக்கு, அதாவது நாலு வருஷத்துக்கு மட்டும் எடுக்கிற சிப்பாய்க்கு, முதல் வருஷம் மாதச் சம்பளம் 30,000. அதில் 30 சதவீதம் பிடித்துக்கொண்டு கையில் 21,000. அந்த 21,000 மட்டும் ஒரு கோடிப் பையனுக்குக் கொடுத்தால் மாதம் 21,000 கோடி, வருஷத்துக்கு 2,52,000 கோடி. மூன்று வேளைச் சோறு நூறு ரூபாய்க்குள் முடித்தாலும் அது தனியாக 36,500 கோடி. 2025-26 பட்ஜெட்டில் பாதுகாப்புக்கு மொத்தம் 6.81 லட்சம் கோடி, அதில் பென்ஷன் மட்டுமே 1.6 லட்சம் கோடி. பூட்ஸ், கட்டில், துப்பாக்கி, கக்கூஸ் ஒன்றும் நான் இன்னும் சேர்க்கவில்லை.

சம்பளத்தைப் பாதியாக்கு என்பீர்கள். பாதியாக்கினால் டீச்சர் சொன்ன ஊழியத்துக்குப் பாதி தூரம் போய்விட்டோம்.

ரப்பர்த்தோட்டம் (1.44)

சரி, எல்லோரையும் வேண்டாம். குலுக்கல் போட்டுக் கொஞ்சம் பேரை எடுக்கலாமே?

தக்கலை_குமாஸ்தா (2.05)

அப்படித்தான் சுவீடன் செய்கிறது, குலுக்கல் மட்டும் கிடையாது. 2010இல் நிறுத்தியதை 2018இல் திரும்ப ஆரம்பித்தார்கள். எல்லோரும் விவரம் கொடுக்க வேண்டும், அதிலிருந்து தகுதியும் விருப்பமும் பார்த்துப் பொறுக்குகிறார்கள். தொடக்கத்தில் வருஷத்துக்கு நாலாயிரம் பேர் அளவில்தான் எடுத்தார்கள். தகுதி பார்த்து, விருப்பம் பார்த்துப் பொறுக்குவதற்கு நம் ஊரில் ஏற்கெனவே ஒரு பெயர் உண்டு: ஆள்சேர்ப்பு முகாம்.

குளச்சல்காற்று (3.20)

கடலுக்குப் போய் இப்போதுதான் வந்தேன். எல்லாவற்றையும் படித்தேன். நீங்கள் எல்லோரும் எல்லையைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்களுக்கு எல்லை வாசலிலேயே இருக்கிறது.

2017 நவம்பர் 29 ராத்திரி ஒக்கி புயல் அடித்தபோது தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைப் படகுகள் ஆழ்கடலில் தங்கல் தொழிலில் இருந்தன. அவர்கள் கரையை விட்டுப் பல நாள் ஆகியிருந்தது, எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. பிறகு ஒரு வாரம் கரையில் நின்று தேடு தேடு என்று கெஞ்சினோம், குழித்துறை ஸ்டேஷனில் தண்டவாளத்தில் உட்கார்ந்தோம். நானும் உட்கார்ந்தேன். என் அத்தை மகன் திரும்பி வரவில்லை. கப்பலில் போய்த் தேடுகிறவர்களுக்குக் கடல் பெரிதாகத் தெரியும், எங்கே தேடுவது என்று தெரியாது. எந்த நீரோட்டத்தில் எந்தப் பக்கம் இழுத்துப் போகும் என்று எங்கள் பெரியவர்களுக்குத் தெரியும். எங்கள் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு போங்கள் என்று சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது.

எனக்குக் கட்டாய சேவை பிடிக்குமா என்றால், ஒரு வகை பிடிக்கும். கடலோர ஊரில் உள்ள ஒவ்வொரு பையனுக்கும் பெண்ணுக்கும் ஒரு மாதம்: வயர்லெஸ் செட் பேசுவது, முதலுதவி, கவிழ்ந்த வள்ளத்திலிருந்து ஆளைத் தூக்குவது, மூச்சு கொடுப்பது. சுனாமி அன்று கொட்டில்பாட்டில் பிணம் எடுத்ததும் ஊர்க்காரர்கள்தான், கையுறைகூட இல்லை. துப்பாக்கி வேண்டாம், மொட்டை அடிக்க வேண்டாம். ராத்திரி வீட்டில் வந்து படுக்கலாம், பட்டாலியன் கணக்கும் வராது. அதற்குக் கட்டாயம் என்ற வார்த்தைகூடத் தேவைப்படாது, நடத்தினால் நாங்களே வருவோம்.

பழைய_ஹவில்தார் (3.41)

தம்பி, இதற்கு நான் வருகிறேன். முதலுதவியும் கட்டுப்போடுவதும் சொல்லிக் கொடுக்க என்னைப் போல ஓய்வு பெற்றவர்கள் இந்த மாவட்டத்தில் ஏராளம். ராணுவக் கேன்டீனில் வரிசையில் நின்று அரசியல் பேசிக்கொண்டிருக்கிறோம். வரிசையில் என்ன வாங்க நிற்கிறோம் என்று கேட்க வேண்டாம்.

ரப்பர்த்தோட்டம் (3.50)

என்ன வாங்க நிற்கிறீர்கள் என்று ஊருக்கே தெரியும்.

நாலு_செகண்ட் (மாலை 6.30)

நான் இங்கே படிப்பது மட்டும்தான், எழுதுவது இல்லை. இன்றைக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை. எனக்கு 20 வயது. அக்னிவீருக்கு இரண்டு தடவை போனேன்.

முதல் தடவை கம்ப்யூட்டர் தேர்வு பாஸ். ஓட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். 1.6 கிலோமீட்டர். அப்போது 5 நிமிடம் 30 வினாடிக்குள் வந்தால் 60 மதிப்பெண், 5.45க்குள் வந்தால் 48, அதற்கு மேல் வீடு. ராத்திரி முழுக்கப் பஸ்ஸில் போய், வெளிச்சம் வரும் முன்னே கூட்டம் கூட்டமாக ஓட விட்டார்கள். கடைசி வளைவில் எனக்கு முன்னால் ஒருத்தன் கால் தடுக்கி விழுந்தான். சுற்றிப் போனேன். கயிறைப் பிடித்துக்கொண்டு நின்றவர் எனக்குப் பின்னால் கயிறை இறக்கவில்லை, எனக்கு முன்னாலேயே இறக்கிவிட்டார். 5.49. நாலு செகண்ட்.

இரண்டாம் தடவை 5.41இல் வந்தேன், பத்து புல்-அப்ஸும் எடுத்தேன், மெடிக்கலும் முடிந்தது. மெரிட் பட்டியலில் பெயர் இல்லை. நடுவில் ஒரு பயிற்சி மையத்தில் அப்பா கட்டின பணம் போனது, பெயர் வேண்டாம். அப்பா கொத்தனார்.

அது நாலு வருஷ வேலைதான், நூற்றில் இருபத்தைந்து பேரைத்தான் வைத்துக்கொள்வார்கள், பென்ஷன் கிடையாது என்று எனக்கும் தெரியும். முதல் அணியின் நாலு வருஷம் 2026 கடைசியில் முடியத் தொடங்கும். கையில் பதினொன்றே முக்கால் லட்சம் போலக் கொடுத்து அனுப்புவார்கள். அப்படியும் என்னோடு ஓடியவர்களை எண்ண முடியாது. கட்டாயமாக்கலாமா வேண்டாமா என்று காலையிலிருந்து பேசுகிறீர்கள். எனக்குச் சிரிப்பதா என்ன செய்வதா என்று தெரியவில்லை.

ரப்பர்த்தோட்டம் (6.52)

தம்பி, ஒன்றும் நினைக்காதே. நான் சொன்ன பைக் பையன்களில் நீ இல்லை.

நாலு_செகண்ட் (6.58)

சொத்தவிளைக்கு நானும் பைக்கில் போவேன் அண்ணாச்சி. மூன்று பேர்தான். மணலில் ஓடிப் பழகத்தான் போகிறோம்.

பழைய_ஹவில்தார் (7.05)

மக்கா, வயது இன்னும் இருக்கிறதா? இருந்தால் மணலில் ஓடுவதை வாரத்துக்கு இரண்டு நாளாகக் குறை. மணலில் கால் பலப்படும், வேகம் வராது. நாளை வெள்ளனே ஐந்து மணிக்கு அண்ணா ஸ்டேடியம் வாசலுக்கு வா. முதல் சுற்றில் நீ எவ்வளவு வேகமாகப் போகிறாய் என்று பார்க்க வேண்டும். 5.41காரன் பொதுவாக முதல் சுற்றிலேயே காற்றைக் கொட்டிவிடுகிறவன். மற்ற இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வா.

பூட்ஸ் வேண்டாம். கொப்புளம் இருந்தால் மட்டும் முன்கூட்டியே சொல்.

தோவாளைப்பூ (7.20)

ஐந்து மணிக்கு எனக்கு ஏலம். இல்லாவிட்டால் நானும் வந்திருப்பேன். அக்காவுக்குப் போன் போட்டு இந்த இழையைப் படித்துக் காட்டினேன். பையன் பதில் போட்டுவிட்டானாம், 'விருப்பம் இல்லை' என்று. அங்கே அதற்கு ஒரு கட்டம் உண்டாம்.